முழங்கால் வலியா? இடது பாதத்தைத் திருப்பி வைத்து கோல்ஃப் ஆடுங்கள்

வலக்கை ஆட்டக்காரருக்கு முதலில் முனகுவது பெரும்பாலும் இடது முழங்கால்தான். டவுன்ஸ்விங்கில், அதாவது கிளப் எனும் மட்டை மேலிருந்து பந்தை நோக்கி இறங்கும்போது, உடல் எடை மொத்தமும் இடது காலுக்கு வந்து இறங்கும். அதே நொடியில் இடுப்பு இலக்குப் பக்கம் சுழலும். பாதமோ காலணியின் அடிமுள் (ஸ்பைக்) பதிந்து தரையோடு பூட்டிக் கிடக்கும். மேலே சுழற்சி, கீழே பூட்டு. நடுவில் அகப்படுவது முழங்கால். அது கதவுக் கீல் மாதிரி மடங்கவும் நீளவும் அமைந்த மூட்டு. நேராக நீட்டிய நிலையில் அதற்குள் திருகல் என்று சில பாகைகள்தான் உண்டு. சென்சார் பொருத்திய செயற்கை மூட்டு வைத்தவர்களை ஆடவிட்டு அளந்தபோது, டிரைவர் எனும் நெடுந்தூரக் கிளப்பால் அடிக்கையில், இலக்குப் பக்கம் உள்ள முன்கால் மூட்டில் உடல் எடையைப்போல் 4 மடங்குக்கு மேல் விசை பதிவானது. 75 கிலோ எடையுள்ளவருக்கு அது 300 கிலோவைத் தாண்டும்.

அதனால் முழங்காலைப் பார்ப்பதற்கு முன் பாதத்தையும் இடுப்பையும் பாருங்கள். அவை திரும்ப மறுக்கும் அளவைத்தான் முழங்கால் வாங்கிக்கொள்கிறது. (கீழே எல்லாம் வலக்கைக்காரரை வைத்து எழுதியது. இடக்கைக்காரர் இடம் வலம் மாற்றிப் படிக்கவும்.)

எங்கே வலிக்கிறது?

ஒரு விரலால் இடத்தைத் தொட்டுக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். உள்பக்க மூட்டுக்கோட்டில் வலித்தால் தேய்மானமோ மெனிஸ்கஸ் எனும் குருத்தெலும்பு வளையமோ காரணமாக இருக்கலாம். ஸ்விங்கின் முடிவில் குத்தும் வலி பெரும்பாலும் இந்த வகை. முழங்கால் சிப்பியைச் சுற்றி முன்பக்கம் வலித்து, படி இறங்கும்போதும் சரிவில் நடக்கும்போதும் கூடினால், ஸ்விங்கைவிட நடையும் தொடைத்தசை பலவீனமும்தான் காரணம். வலது முழங்காலின் உள்பக்கம் வலித்தால், டவுன்ஸ்விங் தொடங்கும்போது குதிகாலைத் தரையிலேயே வைத்துக்கொண்டு முட்டியை மட்டும் உள்ளே தள்ளுகிறீர்களா என்று யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லிப் பாருங்கள். குதிகால் சற்று முன்னதாகவே எழட்டும். பாதி வலி அங்கேயே போகும்.

பாதத்தின் கோணம்

பந்துக்கு முன் நின்று, காலடியில் ஒரு கடிகாரம் இருப்பதாக நினையுங்கள். பந்து இருக்கும் திசை 12 மணி. இடது பாதத்தை 11 மணிக்குத் திருப்பி வையுங்கள். அது 30 பாகை. பழக்கமில்லாதவர்கள் 20 பாகையில் தொடங்கி இரண்டு வாரத்தில் அங்கே வரலாம். பாதம் முன்கூட்டியே ஓரளவு திரும்பி நிற்பதால், அடித்த பிறகு முட்டிக்குள் போகும் திருகல் அந்த அளவுக்குக் குறையும். மூட்டின் உள்பக்க அழுத்தமும் தணியும்.

இதில் மூன்று இடங்களில் தவறு நடக்கும். ஒன்று, குறி. குதிகாலை ஊன்றி நுனியைத் திருப்பும்போது, காலணி நுனிகளை இணைக்கும் கோடு இலக்குக்கு இடப்பக்கம் போனதுபோல் தெரியும். அதை நம்பி நிலையை மாற்றினால் பந்து வேறெங்கோ போகும். குதிகால்களை இணைக்கும் கோட்டை வைத்துக் குறி பாருங்கள். இரண்டாவது, ஆசைப்பட்டு 45 பாகைக்கு மேல் திருப்புவது. பின்ஸ்விங்கில் (கிளப்பைப் பின்னே தூக்கும்போது) இடுப்பு திரும்ப இடமில்லாமல் போய், கை மட்டும் தூக்கி அடிப்பீர்கள். பின்ஸ்விங் குறுகுவதாகத் தெரிந்தால் வலது பாதத்தையும் 10, 15 பாகை வெளியே திருப்புங்கள். மேலே போகும்போது இடது குதிகால் தரையைவிட்டு எழுந்தால் எழட்டும். குதிகால் எழவே கூடாது என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தால், அது வலியில்லாத முட்டிக்குச் சொன்னது.

மூன்றாவதுதான் பெரியது: அடித்த பிறகும் பாதத்தைப் பிடித்து வைத்திருப்பது. கிளப் பந்தைக் கடந்ததும் எடையை இடது குதிகாலுக்கும் பாதத்தின் வெளி ஓரத்துக்கும் விடுங்கள். கட்டைவிரல் தரையைவிட்டு எழுந்து, பாதம் குதிகாலின்மேல் இலக்குப் பக்கம் சுழலட்டும். முடிவில் தொப்புளும் முட்டியும் காலணி நுனியும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். தொப்புள் இலக்கையும் காலணி பந்து இருந்த இடத்தையும் பார்த்தால், நடுவில் உள்ளது முறுக்கிய துணிதான். பாதத்தை விடவே வரவில்லை என்றால் பழைய சாம்பியன் கேரி ப்ளேயர் செய்ததுபோல், அடித்த வேகத்திலேயே வலது காலை எடுத்து முன்னே ஓர் அடி நடந்துவிடுங்கள். பார்க்க விநோதமாக இருக்கும்; முட்டிக்கு அதைவிட நல்ல முடிவு கிடையாது.

பந்தைத் தொடும் கணத்தில் இடது முட்டியைச் சடாரென்று நேராக்கிப் பூட்டாதீர்கள். தூரம் கிடைக்கும்தான். ஆனால் நீண்டு பூட்டிய மூட்டில்தான் திருகலுக்கு இடமே இல்லை. லேசான மடிப்பு கடைசிவரை இருக்கட்டும். கால்களின் அகலம் டிரைவருக்குத் தோள் அளவு, அயர்னுக்கு (எண்ணிட்ட, நடுத்தூரக் கிளப்) அதைவிடக் குறைவு. முக்கால் ஸ்விங்கோடு, ஒரு எண் குறைந்த நீளமான கிளப்பை எடுங்கள்: 7 அயர்ன் இடத்தில் 6. கர்வம் கொஞ்சம் குறையும், அவ்வளவே.

காலணியில் உலோக ஸ்பைக் வேண்டவே வேண்டாம். காய்ந்த தரையில் ஸ்பைக் இல்லாத அடிப்பாகம் போதும். ஈரப் புல்லில் மட்டும் மென்மையான பிளாஸ்டிக் ஸ்பைக். வழுக்கி முட்டி மடங்குவது திருகலைவிட மோசம்.

இடுப்பைச் சோதியுங்கள்

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு முட்டிக்கும் நடுவே ஒரு முஷ்டி வையுங்கள். தொடை அசையாமல், இடது பாதத்தை மட்டும் வெளிப்பக்கம் தள்ளுங்கள். கெண்டைக்கால் 6 மணியிலிருந்து ஒரு எண் நகர்ந்தால் 30 பாகை. அதுகூட வரவில்லை, அல்லது வலதைவிட இடது தெளிவாகக் குறைவு என்றால், ஸ்விங்கின் மிச்சத் திருப்பத்தை முட்டிதான் செய்துகொண்டிருக்கிறது. இந்தச் சோதனையையே பயிற்சியாக்குங்கள்: மெதுவாக 10 முறை, வெளி எல்லையில் 3 நொடி நிறுத்தி, தினமும் இரண்டு வேளை. ஒன்றரை மாதத்தில் சிறிதும் நகரவில்லை, தொடை இடுக்கில் கட்டை தட்டியதுபோல் நிற்கிறது என்றால் அது தசையிறுக்கமாக இல்லாமல், எலும்பே தடுப்பதாக இருக்கலாம். இழுத்துப் பயனில்லை, பாதக் கோணத்தையும் பாதம் சுழல்வதையும் நம்புங்கள்.

தசைக்கு வேலை

வாரம் 3 நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல், 10 வீதம் 3 சுற்று. எழ 1 நொடி, உட்கார 3 நொடி. தாழ்ந்த நாற்காலியில் வலித்தால் மேலே தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள். அடுத்து, மல்லாந்து படுத்து இரு முட்டியையும் மடக்கி இடுப்பை உயர்த்துதல், 10 வீதம் 3. கடைசியாக 10 முதல் 15 செ.மீ. உயரப் பலகையில் நின்று ஒரு காலை மெதுவாகத் தரையில் இறக்குதல், பக்கத்துக்கு 8 வீதம் 2. இதைக் கண்ணாடி முன் செய்யுங்கள். பலகையில் நிற்கும் காலின் முட்டி, இரண்டாவது விரலுக்கு நேர்மேலே இருக்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்தால் பலகையின் உயரத்தைக் குறையுங்கள். சாய்ந்த முட்டியோடு எண்ணிக்கையை முடிப்பது வலியை வளர்ப்பது.

10-க்கு 3 வரை வலி இருக்கலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லையென்றால் அடுத்த முறை அளவைப் பாதியாக்குங்கள். பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். உடல் எடையில் ஒவ்வொரு கிலோ குறையும்போதும், நடக்கையில் முட்டியின்மேல் ஓரடிக்கு ஏறக்குறைய 4 கிலோ சுமை குறையும்.

மைதானத்தில்

வண்டியிலிருந்து இறங்கி நேரே ஆட்டம் தொடங்கும் முதல் டீக்குப் போய் டிரைவரை வீசுவது வலியை வாங்கும் எளிய வழி. 5 நிமிடம் வேக நடை, கிளப்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் முன்பின்னாக 15 வீச்சு, இரண்டு கிளப்பை ஊன்றிக்கொண்டு 10 அரை உட்கார்தல், பிறகு வெட்ஜ் எனும் குறுந்தூரக் கிளப்பில் தொடங்கி நீளமான கிளப்புக்குப் போகும் 10 ஸ்விங். மொத்தம் 10 நிமிடம். பயிற்சித் தளத்தில் செயற்கைப் புல்விரிப்பு காலணியை அப்படியே கவ்விப் பிடிக்கும். அங்கே 40, 50 பந்தோடு நிறுத்துங்கள்.

18 குழி நடந்தால் 8 முதல் 10 கி.மீ. வரும். 10 கிலோவுக்கு மேல் எடையுள்ள பையைத் தோளில் சுமக்காதீர்கள். தள்ளும் ட்ராலியில் வைத்து, தேவையில்லாத கிளப்புகளை எடுத்துவிடுங்கள். 14 என்பது உச்ச வரம்பு. 9 கிளப்போடும் ஆடலாம். சரிவில் நேராக இறங்காமல் குறுக்கே வளைந்து இறங்குங்கள். படியோ பங்கர் (மணல் குழி) விளிம்போ, ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். பங்கருக்குள் எப்போதும் தாழ்ந்த பக்கமாக நுழையுங்கள். கார்ட்டில் போனால் உட்கார்ந்தே முட்டி இறுகிவிடும். பந்துக்கு 50 மீட்டர் முன்பே இறங்கி நடங்கள்.

ஒரு சுற்றில் பல பத்து முறை குனிகிறோம்: பந்தைத் தாங்கும் சிறு ஆணியான டீயை ஊன்ற, பந்தைக் குறிக்க, குழியிலிருந்து எடுக்க. பந்தை எடுத்து வேறிடத்தில் விழவிடும் டிராப்பில், 2019-லிருந்து முட்டி உயரத்திலிருந்துதான் விட வேண்டும் என்பதால் அதற்கும் குனிய வேண்டும். ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து எழுந்தால் முட்டி தாங்காது. இடது கையில் கிளப்பை ஊன்றி, நல்ல காலில் நின்று, முட்டியை லேசாக மட்டும் மடித்து, இடுப்பிலிருந்து முன்னே சாயுங்கள். வலிக்கிற கால் பின்பக்கம் நேராகத் தூக்கட்டும், தராசுத் தட்டு மாதிரி. முதுகு வளையாமல் வலது கையால் எடுங்கள். பிசியோதெரபிஸ்டுகள் இதற்கு ‘கோல்ஃபர் லிஃப்ட்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பட் (பந்தைக் குழிக்கு உருட்டும் அடி) போகும் கோட்டைப் பார்க்கக் குந்த வேண்டாம். பத்தடி பின்னே போய் இடுப்பை மடித்துப் பார்த்தாலே சரிவு தெரியும்.

உறை, மாத்திரை, ஐஸ்

மீள்தன்மையுள்ள துணி உறை முட்டிக்குக் கதகதப்பும் நிலையுணர்வும் தரும், திருகலைத் தடுக்காது. உள்பக்கத் தேய்மானம் உறுதியானவர்களுக்குச் சுமையை வெளிப்பக்கம் மாற்றும் சட்ட உறை உதவலாம், ஆனால் அளவெடுத்துப் பொருத்த வேண்டும். ஆட்டத்துக்கு முன் வலி மாத்திரை போடுவது கெட்ட பழக்கம். எச்சரிக்கை மணியைத் துணி சுற்றி அடைப்பது மாதிரி அது. இரைப்பை, சிறுநீரகம், ரத்த அழுத்தம் எல்லாவற்றிலும் கை வைக்கும். டைக்ளோஃபெனாக் ஜெல் அதைவிடப் பாதுகாப்பு. வேறு நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் இதையும் கேட்டுவிட்டே தடவவும். ஆட்டம் முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸ், 15 நிமிடம்.

டைகர் உட்ஸ் 2008-ல் இடது முழங்காலில் ஏசிஎல் லிகமென்ட் (மூட்டுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் நார்) அறுந்து, காலெலும்பில் அழுத்த முறிவுகளும் இருக்க, 91 குழி ஆடி அமெரிக்க ஓபனை வென்றார். அதன்பின் அறுவை சிகிச்சை; அந்த ஆண்டின் மிச்ச ஆட்டமெல்லாம் போனது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு அந்த விலை தேவையில்லை. ‘டக்’கென்று சத்தம் கேட்டு இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி வீங்கினால், நீட்டவோ மடக்கவோ முடியாமல் பூட்டிக்கொண்டால், நடக்கையில் திடீரென்று கைவிட்டால் ஆட்டத்தை நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். காலை ஊன்றவே முடியவில்லை, சூட்டோடும் காய்ச்சலோடும் முட்டி வீங்கியிருக்கிறது, கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலிக்கிறது என்றால் அன்றைக்கே போக வேண்டும்.

திரும்பி வரும்போது

முதல் வாரம் பட்டிங், சிப்பிங் (அருகிலிருந்து தூக்கிப் போடும் சிறு அடி) மட்டும். இரண்டாம் வாரம் வெட்ஜில் அரை ஸ்விங், 30 பந்து. மூன்றாம் வாரம் அயர்னில் முக்கால் ஸ்விங், நான்காம் வாரம் 9 குழி. டிரைவர் கடைசியில்தான் பையைவிட்டு வெளியே வரும். ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னும், மறுநாள் காலையும், காலை நீட்டி வைத்து சிப்பியின் நடுவழியாகத் தையல் டேப்பால் முட்டியின் சுற்றளவை அளந்து எழுதிவையுங்கள். 1 செ.மீ. கூடியிருந்தால் முந்தைய கட்டத்துக்குப் போய் இன்னொரு வாரம்.