ரீகால் எண்ணிக்கையை வைத்துக் காரை எடைபோடாதீர்கள்

"இந்த மாடலுக்கு மூன்று ரீகால், வேண்டாம். அந்த மாடலுக்கு ஒன்றுகூட இல்லை, அதையே எடுத்துவிடலாம்." கடலூரிலும் புதுச்சேரியிலும் பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் போடும் இந்தக் கணக்கு அடிப்படையிலேயே தவறு. பாதுகாப்புக் குறை ஒன்று தெரியவந்து, நிறுவனம் தன் செலவில் அதைச் சரிசெய்து தருவதுதான் ரீகால். கிளட்ச் சீக்கிரம் தேய்கிறது, ஏசி குளிரவில்லை என்பதற்கெல்லாம் யாரும் ரீகால் அறிவிப்பதில்லை. வண்டி அடிக்கடி பட்டறைக்குப் போகுமா என்பதற்கு அதில் பதில் தேடக் கூடாது.

அடுத்த தவறு, எண்ணைப் பார்த்து மிரள்வது. 2021 செப்டம்பரில் மாருதி சுசூகி 1,81,754 கார்களைத் திரும்ப அழைத்தது. சியாஸ், எர்டிகா, விட்டாரா பிரெஸ்ஸா, எஸ்-கிராஸ், எக்ஸ்எல்6 என ஐந்து மாடல்களின் பெட்ரோல் வண்டிகள்; 2018 மே முதல் 2020 அக்டோபர் வரை தயாரானவை. அதிகம் விற்கும் வண்டிக்கு எண்ணிக்கையும் பெரிதாகத்தான் இருக்கும். படிக்க வேண்டியது குறையின் விவரத்தை. என்ஜினுக்கு உதவும் மின் பாகமான மோட்டார் ஜெனரேட்டர் யூனிட்டைச் சோதித்து மாற்றித்தரும் வரை தண்ணீர் தேங்கிய சாலைகளில் ஓட்ட வேண்டாம் என்று அந்த நிறுவனமே கேட்டுக்கொண்டது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டி ஓட்டும் நமக்கு, லட்சக் கணக்கைவிட அந்த ஒரு வரிதான் முக்கியம்.

ஜப்பானின் தகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக்குகள் விரியும்போது வெடித்து உலோகத் துண்டுகளைச் சிதறடித்த விவகாரமும் அப்படியே. ஒரே சப்ளையரின் பாகம் என்பதால் உலகம் முழுக்கப் பல நிறுவனங்களின் கார்கள் சிக்கின. எந்த நிறுவனம் மட்டம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் நீண்ட கால வெப்பமும் ஈரப்பதமும்தான் அந்த ஏர்பேக்கை ஊதவைக்கும் வெடிபொருளைக் கெடுத்தன. கடற்கரை ஊர்க்காரர்கள் இதை அலட்சியம் செய்யவே கூடாது.

ரீகால் இல்லாததை நற்சான்றாக நினைப்பதும் ஆபத்து. இந்தியாவில் நிறுவனங்கள் தாமாக முன்வந்து அறிவிக்கும் முறையே 2012 ஜூலையில்தான் தொடங்கியது. கட்டாயப்படுத்தும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம்.

ரீகாலைப் போலவே சர்வீஸ் புல்லட்டினையும் சிலர் எண்ணிப் பார்க்கிறார்கள். ஒரு மாடலில் வரும் பழுதை எப்படிச் சரிசெய்வது என்று மெக்கானிக்குகளுக்கு நிறுவனம் அனுப்பும் குறிப்பு அது. அமெரிக்காவில் அவற்றை அரசு இணையதளத்திலேயே படிக்கலாம். இங்கே பெரும்பாலும் டீலர் பட்டறையைத் தாண்டி வருவதில்லை. அதனால் சிலர் அமெரிக்கப் புல்லட்டினை எடுத்துவந்து இங்குள்ள வண்டியோடு ஒப்பிடுகிறார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் என்ஜினும் கியர்பாக்ஸும் வேறாக இருக்கலாம். எண்ணிக்கையும் உதவாது: பாதிக்கு மேல் சின்னச் சத்தம், மென்பொருள் புதுப்பிப்பு என்றுகூட இருக்கும். ஒரே பாகத்துக்கு வருடக்கணக்கில் திருத்தத்துக்கு மேல் திருத்தம் வந்தால்தான் நான் யோசிப்பேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, மாடலை அலசிவிட்டு, வாங்கப்போகும் வண்டியை விட்டுவிடுவது. ரீகால் கடிதம் பழைய உரிமையாளரின் முகவரிக்கே போயிருக்கும். ஆர்.சி.யில் உள்ள 17 இலக்கச் சேஸிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்திலோ சர்வீஸ் சென்டரிலோ கொடுத்து, வேலை முடிந்ததா என்று கேளுங்கள். 2024 இறுதியில் ஃபெஞ்சல் புயலும் தென்பெண்ணை வெள்ளமும் மூழ்கடித்த கார்களை எந்த ரீகால் பட்டியலும் காட்டாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கறை தெரிகிறதா என்று பாருங்கள். ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே கம்பளத்தைத் தூக்கி, போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள்.