வேலூருக்கு வந்தால் ஜவ்வாது மலைக்கும் ஒரு பகல் வையுங்கள்

வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து கோட்டை, ஸ்ரீபுரம், சொந்தக்காரர் வீட்டு விருந்து என்று முடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். ஒரே ஒரு பகலை ஜவ்வாது மலை ரோட்டுக்கு ஒதுக்குங்கள். கண்ணமங்கலம், போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறி, காவலூர், ஆலங்காயம் பக்கம் இறங்கி, வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வேலூர் திரும்பலாம். அப்பாவின் பழைய காகிதங்களில் எல்லாமே ‘வட ஆற்காடு’தான், 1989-லும் 2019-லும் பிரித்ததில், இப்போது இந்த ஒரு சுற்றில் வேலூர், திருவண்ணாமலை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டம்.

சர்வதேச லைசென்ஸ் இருக்கிறது, நானே ஓட்டுகிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள். வளைவில் மேலிருந்து பஸ் இறங்கினால் ரோடு முழுக்க அதற்குத்தான், ஹாரன் சத்தம் கேட்டதுமே ஓரம் கட்டத் தெரிந்த உள்ளூர் டிரைவர் வேண்டும். காலை ஆறு மணிக்குக் கிளம்பி, டீசலைப் போளூரிலேயே போட்டுவிடுங்கள். ஜிபே போகாமல் டீக்கடையில் நிற்பதைவிட, பத்தும் இருபதுமாகச் சில்லறை வைத்துக்கொள்வது மேல்.

இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள். மார்கழியில் ஒருதரம் ஜமுனாமரத்தூரில் இன்னொரு டீ, இன்னொரு டீ என்று உட்கார்ந்து ஆறு மணி ஆக்கிவிட்டோம். இறங்கும்போது பனி மூடி, ஹெட்லைட் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது, போனில் சிக்னலும் இல்லை. அக்கா பையன் டார்ச்சோடு முன்னால் நடக்க, கார் பின்னாலேயே ஊர்ந்தது. மேப்பை முன்கூட்டியே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள்.

ஜமுனாமரத்தூர் பக்கத்துப் பீமன் அருவியில் கோடையில் தண்ணீர் எதிர்பார்க்காதீர்கள், மழை முடிந்த கையோடு போனால்தான் அழகு. காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986-ல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான். பொதுமக்களைச் சனிக்கிழமைதான் விடுவார்கள், அதையும் போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள். ராத்திரி வானம் பார்க்க ஆசை என்றால் இந்தச் சுற்றோடு சேர்க்காமல், தனியாக ஒரு நாள் வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஏறுங்கள், மலைப்பாதை குறைவு.

மலை மக்களை ‘மலையாளி’ என்பார்கள். கேரளாவா என்று கேட்டு வைக்காதீர்கள், அவர்கள் பேசுவது நம் தமிழ்தான். அவர்களிடம் சாமையும் தேனும் வாங்கலாம். தேனை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி, செக்-இன் பெட்டியில் வையுங்கள். ஆஸ்திரேலியா போகிறவர்கள் இறங்கியதும் ஏர்போர்ட்டில் கொடுக்கும் பயணி கார்டில் சாமை, தேன் இரண்டையும் எழுதிக் காட்டிவிடுங்கள், மறைத்தால் அபராதம்தான். எதற்கு வம்பு என்றால் இங்கேயே சாமைச் சோறு வடித்துச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.