போன் அப்பாவிடம் இருக்கும்போது பாடம் எடுப்பது எப்படி?

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதுக்கும் பத்துக்கும் கணக்கு எடுக்கிறேன். கொரோனாவால் மார்ச்சில் பூட்டிய பள்ளி, இதோ ஆகஸ்ட் 2020 பிறந்தும் திறக்கவில்லை. “ஆன்லைன்ல எப்படி எடுக்கறீங்க?” என்று பக்கத்துப் பள்ளி ஆசிரியைகள் கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

ஜூமா, கூகுள் மீட்டா என்று ஆரம்பிக்காதீர்கள். பிள்ளையின் வீட்டில் போன் யாரிடம் இருக்கிறது, எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். புத்தகம் வாங்கப் பெற்றோர் வரும் நாளில் ஒரு நோட்டைப் போட்டு எழுதிக்கொள்ளுங்கள்: ஸ்மார்ட்போனா பட்டன் போனா, யாருடையது, எப்போது கிடைக்கும், அதே போனில் இன்னும் எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள். எங்கள் ஊரில் பெரும்பாலும் கிடைத்த பதில், “அவங்க அப்பா வேலைக்குப் போயிட்டு வந்தாத்தான் டீச்சர்.” அப்படியிருக்க, காலை பத்து மணிக்கு நேரலை வகுப்பு வைத்தால் யார் வருவார்கள்? எந்த நேரத்திலும் திறந்து பார்க்கிற மாதிரி பாடத்தை அனுப்புவதே வழி. நான் இரவு ஏழு மணிக்கு அனுப்புகிறேன்.

பாடத்தைப் பதிவு செய்ய ஸ்டாண்டு வாங்க வேண்டாம். நடுவில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் ஸ்டூல் போதும். ஓட்டைக்கு நேராக கேமரா வருகிற மாதிரி போனை ஸ்டூல் மேல் படுக்க வையுங்கள், அடியில் நோட்டு. தரையில் உட்கார்ந்து எழுதினால் கையும் எழுத்தும் மட்டும் படத்தில் விழும், முகம் விழாது. (வீடியோவில் என் முகத்தைப் பார்க்கும் கொடுமை எனக்கும் மிச்சம்.) ஸ்டூலுக்கு அடியில் இருட்டும், அதனால் வாசலை ஒட்டிக் காலை வெளிச்சத்தில் எடுங்கள். பென்சில் தெரியாது, ஸ்கெட்ச் பேனா பிடியுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், இல்லையென்றால் காற்று இரைச்சல்தான் பாடம் நடத்தும்.

ஒரு வீடியோவுக்கு ஒரே விஷயம், ஐந்து நிமிடம். கூட்டுத் தொடர்வரிசையில் (ஒரே எண்ணைக் கூட்டிக்கொண்டே போகும் வரிசை) அந்தக் கூட்டும் எண்ணான பொது வித்தியாசம் ஒரு நாள், n-ஆவது உறுப்பு மறுநாள். நீளமாக எடுத்தால் வாட்ஸ்அப் சுருக்கி அனுப்பும்போது எழுத்து மங்கிவிடும். நெட் போதாத வீடுகளுக்கு, எழுதிய பக்கத்தின் போட்டோ ஒன்று, கூடவே குரல் பதிவு ஒன்று. உண்மையைச் சொன்னால் பாதிப் பாடத்துக்கு இதுவே போதும்.

குழுவில் ஒரு சிக்கல் உண்டு. வாட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். பெண் பிள்ளைகள் கொடுத்திருப்பது அம்மாவின் எண், அக்காவின் எண். அதனால் நான் குழு வைக்காமல், ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும் பிராட்காஸ்ட் லிஸ்டில் அனுப்புகிறேன். உங்கள் எண்ணை அவர்கள் போனில் சேமித்திருந்தால்தான் போய்ச் சேரும். சேமிக்க வைப்பது உங்கள் வேலை.

பட்டன் போன் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். நான்கைந்து பேரைக் கான்ஃபரன்ஸ் காலில் இணைத்து, புத்தகத்தில் பக்க எண் சொல்லி எடுத்துக்காட்டுக் கணக்கைச் சேர்ந்து படிக்கலாம். கல்வித் தொலைக்காட்சியில் அவர்கள் வகுப்புப் பாடம் வரும் நேரத்தையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வீட்டுப்பாடத்தில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து எழுதி அனுப்புவார்கள். திட்டிப் பயனில்லை, கேள்வியை மாற்றுங்கள். “முதல் உறுப்பு உன் வருகை எண், பொது வித்தியாசம் 4, 15-ஆவது உறுப்பு என்ன?” என்று கேட்டால் ஆளுக்கொரு விடை. திருத்துவதும் சுலபம்: வருகை எண்ணோடு 56 (14 × 4) கூட்டினால் விடை. 23-ஆம் எண் பிள்ளை 79 என்று எழுதியிருக்க வேண்டும். 83 என்று வந்தால் 14-க்குப் பதில் 15-ஆல் பெருக்கியிருக்கிறது என்பது பார்த்தவுடனே புரிந்துவிடும். அதை அந்தப் பிள்ளைக்கு மட்டும் குரல் பதிவில் சொல்லுங்கள்.

நேரலை வாரத்துக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை, சந்தேகங்களுக்கு மட்டும். ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடம் கிடைக்கும், அது தாராளம். 2020 ஜூலையில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல், ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிட ஆன்லைன் வகுப்புகள் நான்குக்கு மேல் கூடாது என்றது. அது உச்சவரம்பு, நான்கையும் எடுத்தே தீர வேண்டும் என்று அர்த்தமில்லை. கேமராவைப் போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். வீட்டைக் காட்ட எல்லாப் பிள்ளைக்கும் மனம் வராது.

ஒரு வாரம் பதில் வராத பிள்ளைக்கு நீங்களே போன் போடுங்கள். “ஏன் எழுதல?” என்று தொடங்க வேண்டாம், சாப்பிட்டாயா, வேலைக்குப் போகிறாயா என்று கேளுங்கள். கரும்பு வெட்டவோ பட்டறைக்கோ போகிறான் என்று தெரிந்தால் அம்மாவிடமும் தலைமை ஆசிரியரிடமும் அன்றைக்கே பேசுங்கள். போன் வாங்கச் சொல்லி மட்டும் எந்த வீட்டையும் நெருக்காதீர்கள், கடன் வாங்கி வாங்குவார்கள்.

அப்புறம், பாடத்துக்கென்று தனி சிம் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்கு மேல் வரும் சந்தேகத்துக்கு மறுநாள்தான் பதில் என்று முதல் வாரமே சொல்லிவிடுங்கள்.