ஓய்வுக்குப் பிறகு எவ்வளவு பணம் வேண்டும்? வீட்டுச் செலவிலிருந்து கணக்குப் போடும் முறை

ஒரு கோடி ரூபாயை 7% வட்டிக்கு வங்கியில் போட்டால் மாதம் 58,333 ரூபாய் வரும். திருச்சியிலோ சேலத்திலோ சொந்த வீட்டில் இருக்கும் தம்பதிக்கு இன்று அது தாராளம். ஆனால் விலைவாசி ஆண்டுக்கு 6% ஏறினால் 12 ஆண்டில் செலவு இரட்டிப்பாகும். 60 வயதில் ஓய்வு பெற்றவர் 72ஐத் தொடும்போதும் அதே 58,333 ரூபாய்தான் வரும். அதை வைத்து இன்றைக்கு 29,000 ரூபாய்க்கு வாங்குவதைத்தான் வாங்க முடியும். 84 வயதில் அதிலும் பாதி. "வட்டியில் சாப்பிடுவோம், முதலைத் தொடமாட்டோம்" என்பது பாதுகாப்பான வழி போலத் தெரிந்தாலும் விலைவாசிக்கு அதில் பதில் இல்லை. அதனால் கோடியில் ஆரம்பிக்காதீர்கள். செலவிலிருந்து ஆரம்பியுங்கள்.

வருடச் செலவைப் பிடிப்பது

கடந்த 12 மாத வங்கிக் கணக்கு அறிக்கை, ஜிபே பட்டியல், கார்டு பில் மூன்றையும் எடுத்து வையுங்கள். மாதச் செலவை 12ஆல் பெருக்கினால் வருடச் செலவு கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான கணக்குகள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. கணவன், மனைவி இருவருக்கும் 60 வயது. சொந்த வீடு, கடன் இல்லை, பிள்ளைகள் தனியாக இருக்கிறார்கள். மாதக் கணக்கு இப்படி: மளிகை, காய்கறி, பால், கறி மீன் 14,000, மின்சாரம், சிலிண்டர், தண்ணீர், போன், இணையம் 4,500, பெட்ரோல், ஆட்டோ 4,000, வீட்டு வேலைக்கு வருபவர் சம்பளம் 3,000, மருந்து, ரத்தப் பரிசோதனை 4,500, சில்லறைச் செலவு 5,000. மொத்தம் 35,000.

மாதக் கணக்கில் வராதவை தனி. மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 60,000. பண்டிகை, துணிமணி 40,000. மொய், சீர் 40,000. ஊர், குலதெய்வம், கோயில் பயணம் 30,000. வீட்டு வரி, வெள்ளையடிப்பு, மோட்டார் பழுது, வண்டி இன்ஷூரன்ஸ், சில ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டிய ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் சேர்த்து ஆண்டுச் சராசரி 70,000. கூட்டினால் 2,40,000, அதாவது மாதத்துக்கு இன்னும் 20,000. ஆக, 35,000 ரூபாய்க் குடும்பம் உண்மையில் 55,000 ரூபாய்க் குடும்பம். வருடச் செலவு 6,60,000.

மொய்யைக் குறைத்து எழுத வேண்டாம். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அக்கம்பக்கம், சொந்தபந்தம் என அழைப்புகள் நிற்பதில்லை. கையை இறுக்கிக்கொண்டு உறவை விலக்கி வாழ்வது வசதியான வாழ்க்கையும் ஆகாது.

எத்தனை மடங்கு

அமெரிக்காவில் 1994இல் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் ஒரு கணக்குச் சொன்னார். சேமிப்பில் முதல் ஆண்டு 4% எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகையை உயர்த்திக்கொண்டே போனாலும் 30 ஆண்டுக்குப் பணம் தாங்கும் என்றார். அதாவது வருடச் செலவைப்போல் 25 மடங்கு. அது அந்த நாட்டுப் பங்குகள், கடன்பத்திரங்கள், விலைவாசி ஆகியவற்றின் வரலாற்றில் இருந்து வந்தது. நம் விலைவாசிக்கும் வட்டி வரிக்கும் அதை அப்படியே பொருத்தக் கூடாது.

இங்கே பார்க்க வேண்டியது வரி போகக் கையில் நிற்கும் வருமானத்துக்கும் விலைவாசி ஏற்றத்துக்கும் உள்ள இடைவெளி. விலைவாசி 6%, ஓய்வுக்காலம் 30 ஆண்டு என்று வைத்தால், பணம் 8% ஈட்டினால் 23 மடங்கு போதும். 7% ஈட்டினால் 26 மடங்கு. 5% மட்டுமே என்றால் 35 மடங்கு வேண்டும். 30% வரி அடுக்கில் இருப்பவர் 7% டெபாசிட்டில் மட்டும் பணத்தை வைத்தால் அவர் கையில் 5%கூட நிற்காது என்பதை நினைவில் வையுங்கள்.

ஆண்டுகளை எண்ணும்போது கணவர் வயதை மட்டும் பார்ப்பது பெரிய தவறு. மனைவி 5 வயது இளையவர் என்றால் அவருடைய 90 வரை கணக்கு ஓட வேண்டும்: 35 ஆண்டு, 30 மடங்கு. 50 வயதிலேயே வேலையை விட நினைப்பவருக்கு 40 ஆண்டு, ஏறக்குறைய 33.5 மடங்கு. இரண்டும் 7% வருமானத்துக்கு.

மருத்துவத்தைப் பிரித்து எழுதுங்கள். மருந்தும் பிரீமியமும் மற்ற செலவுகளைவிட வேகமாக ஏறும். 10% ஏற்றம், 7% வருமானம், 30 ஆண்டு என்று வைத்தால் அந்தப் பகுதிக்கு 46 மடங்கு வருகிறது. மேலே உள்ள குடும்பத்தில் மருத்துவம் வருடம் 1,14,000. அதற்கு 52.4 லட்சம். மீதி 5,46,000க்கு 26 மடங்கு என்றால் 142 லட்சம். இரண்டும் சேர்த்து 1.94 கோடி. இதன்மேல் காப்பீடு தராத மருத்துவமனைச் செலவுக்கு 10 லட்சம். கடைசிக் காலத்தில் வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு மாதம் 25,000 வீதம் 3 ஆண்டு என்று 9 லட்சம். மொத்தம் 2.13 கோடி. இந்தக் குடும்பம் இன்று ஓய்வு பெற்றால் வேண்டிய தொகை இது. வாடகை வீடென்றால் வருட வாடகையையும் 26ஆல் பெருக்கிச் சேர்க்க வேண்டும். மாதம் 15,000 வாடகைக்கு மட்டும் இன்னும் 46.8 லட்சம்.

எதைக் கழிக்கலாம், எதைக் கூடாது

அகவிலைப்படியோடு உயரும் அரசு ஓய்வூதியம் வந்தால் அதை வருடச் செலவிலேயே கழித்துவிடலாம். பி.எஃப். அலுவலகம் தனியார் ஊழியர்களுக்குத் தரும் இ.பி.எஸ். (ஊழியர் ஓய்வூதியத் திட்டம்) ஓய்வூதியம் வேறு. 15,000 ரூபாய் சம்பள வரம்பில் 35 ஆண்டு பணி செய்தவருக்கு மாதம் 7,500 வரும், ஆனால் விலைவாசியோடு அது உயராது. அதனால் வருடத் தொகையான 90,000ஐ 26ஆல் அல்ல, 13ஆல் மட்டும் பெருக்கிக் கழியுங்கள். ஏறத்தாழ 12 லட்சம். கட்டட வாடகை வருமானத்தில் ஓர் ஆண்டுக்கு ஒரு மாதம் காலியாக இருக்கும் என்று வைத்து, வரியையும் பழுதுச் செலவையும் எடுத்துவிட்டு மீதியை மட்டும் வருடச் செலவிலிருந்து கழியுங்கள்.

குடியிருக்கும் வீடு, மனைவியின் நகை, பங்காளிகளுடன் பிரிக்காத நிலம் மூன்றும் கணக்கில் வரக் கூடாது. பணம் வேண்டிய மாதத்தில் அவை பணமாக மாறாது. மகள் கல்யாணம், மகன் மேற்படிப்பு பாக்கி இருந்தால் அந்தத் தொகையை வேறு கணக்கில் ஒதுக்குங்கள். ஓய்வுக்கால நிதியில் இருந்து 20 லட்சம் எடுத்துக் கல்யாணம் செய்தால், மேலே உள்ள குடும்பத்துக்கு அது மூன்று ஆண்டுச் சாப்பாடு.

இன்னும் 15 ஆண்டு இருக்கிறது என்றால்

இன்றைய மதிப்பில் வந்த தொகையை 6% விலைவாசிக்கு உயர்த்துங்கள்: 5 ஆண்டுக்கு 1.34, 10க்கு 1.79, 15க்கு 2.4, 20க்கு 3.2. இப்போது 45 வயது என்றால் 2.13 கோடி 60ஆம் வயதில் சுமார் 5.1 கோடி ஆகிறது. ஏற்கெனவே பி.எஃப்., மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் சேர்த்து 70 லட்சம் இருந்து 9% வளர்ந்தால் 2.55 கோடி ஆகும். மீதிக்கு, அதே 9% வளர்ச்சியில், மாதம் சுமார் 44,000 சேமித்து, ஆண்டுதோறும் அந்தச் சேமிப்பை 8% கூட்டிக்கொண்டே போக வேண்டும். கூட்டாமல் ஒரே தொகையாகக் கட்டுவதென்றால் முதல் மாதத்தில் இருந்தே சுமார் 70,000 வேண்டியிருக்கும். சம்பள உயர்வு வரும்போதெல்லாம் சேமிப்பை உயர்த்துவது இதனால்தான் அவசியம்.

பணத்தை வைக்கும் இடம்

இரண்டு ஆண்டுச் செலவு வங்கிச் சேமிப்பிலும் குறுகியகால டெபாசிட்டிலும் இருக்கட்டும். ஒரே வங்கியில் ஒருவர் பெயரில் 5 லட்சத்துக்குத்தான் டெபாசிட் காப்பீடு உண்டு. சிறிய கூட்டுறவு வங்கியென்றால் அந்த வரம்பைத் தாண்டாதீர்கள். அடுத்த 8 முதல் 10 ஆண்டுச் செலவுக்கு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம், அஞ்சலக மாதாந்திர வருமானத் திட்டம் போன்றவை. மூத்த குடிமக்கள் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 2025இல் வட்டி 8.2%, 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 வரும். அஞ்சலகத் திட்டத்தில் கூட்டுக் கணக்குக்கு 15 லட்சம் வரம்பு; 2025இன் 7.4% வட்டியில் மாதம் 9,250.

இவை மட்டும் போதாது. தொகை உயராத வருமானம் இவை. மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது, 50 பெரிய நிறுவனங்களின் பங்குகளை அப்படியே பின்பற்றும் நிஃப்டி 50 போன்ற இண்டெக்ஸ் ஃபண்டில் விட்டுவைத்தால்தான் மொத்தத்தில் 7% என்ற கணக்கு நிற்கும். சந்தை விழும் ஆண்டில் அதைத் தொடாமல் இருக்கத்தான் முதல் இரண்டு அடுக்குகளும். ஓய்வின் முதல் சில ஆண்டுகளில் சந்தை விழுந்து, அப்போது ஃபண்டில் உள்ள யூனிட்டுகளை விற்றுச் சாப்பிட்டால், பிறகு சந்தை ஏறும்போது ஏறுவதற்கு யூனிட் இருக்காது. அதே சரிவு 80 வயதில் வந்தால் இந்த அளவு பாதிப்பதில்லை.

வரியைக் குறைக்கக் கணவர் தன் பணத்தை மனைவி பெயரில் டெபாசிட் போட்டால் அந்த வட்டி கணவர் வருமானத்தோடுதான் சேரும். மனைவியின் சொந்தச் சம்பாத்தியமும் சீதனமும் ஆரம்பத்தில் இருந்தே அவர் பெயரிலேயே இருக்கட்டும். மாதம் 2% தருகிறோம் என்று வரும் நிதி நிறுவனம் எதிலும் ஒரு ரூபாய்கூட வேண்டாம். இழந்ததை மறுபடி சம்பாதிக்க இந்த வயதில் காலம் இல்லை.

மருத்துவக் காப்பீட்டை 50களிலேயே எடுத்துவிடுங்கள்; ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு காத்திருப்பு இருக்கலாம். பாலிசியில் அறை வாடகைக்கு வரம்பு இருந்தால் பில்லின் மற்ற பல பகுதிகளையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள், அதனால் வரம்பில்லாத பாலிசியாகப் பாருங்கள். 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பில்லாமல் ஆயுஷ்மான் பாரத் என்ற மத்திய அரசுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சைக் காப்பீடு தருகிறது. அந்த அட்டையைப் பிறந்த நாளுக்கு அடுத்த வாரமே எடுத்துவிடலாம்.

ஆண்டுதோறும் ஏப்ரலில் அந்த ஆண்டுச் செலவைக் கையில் உள்ள தொகையால் வகுத்துப் பாருங்கள். 60 வயதில் 3.5%ஐ ஒட்டியும், 70இல் 5%க்குள்ளும் இருந்தால் ஓட்டம் சரி. தாண்டினால் அந்த ஆண்டு வண்டி மாற்றுவதையும் நீண்ட பயணத்தையும் தள்ளி வையுங்கள்; மருந்திலும் சாப்பாட்டிலும் கை வைக்க வேண்டாம். அதே நாளில் எல்லாக் கணக்கிலும் நாமினி பெயர் இருக்கிறதா, கூட்டுக் கணக்கில் இருவரில் எவரும் தனியாகப் பணம் எடுக்க முடிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டிய கணக்கென்றால், ஒருவர் ஐ.சி.யூ.வில் இருக்கும்போது மற்றவரால் பணம் எடுக்க முடியாது.