அம்மாவுக்கு சீனியர் லிவிங் பாக்க ஊருக்குப் போறீங்களா, முதல்ல கையெழுத்துக்கு ஆள் பாருங்க

வெளிநாட்டுல இருந்து லீவுல போய் கோயம்புத்தூர் பக்கம் அம்மா அப்பாவுக்கு ஒரு சீனியர் லிவிங் வீடு, அதாவது வயசானவங்களுக்குன்னே சாப்பாடு, நர்ஸ் வசதியோட கட்டுன வீடு, முடிச்சுட்டு வந்துடலாம்னு இருக்கறவங்களுக்காக எழுதறேன். வடவள்ளி, துடியலூர், பேரூர்னு ஊரச் சுத்தி நிறைய வந்துருச்சு, போட்டோ பாத்து வீடியோ கால்லயே பாதி முடிவு பண்ணிடலாம். வீடு கிடைக்கறது கஷ்டமே இல்ல. எங்களுக்கு எல்லாம் நின்னு போனது அட்மிஷன் ஃபார்ம்ல இருந்த ஒரு கட்டத்துல.

உள்ளூர் பொறுப்பாளர்னு ஒரு கட்டம் இருக்கும், லோக்கல் கார்டியன்னு சொல்வாங்க. நடுராத்திரி ஆஸ்பத்திரில சேக்கணும்னா வந்து நிக்க, ஆபரேஷன்னா கையெழுத்து போட, அவசரத்துக்கு பணம் கட்ட ஒரு ஆள். நாங்க பாத்த இடத்துல வெளிநாட்டுல இருக்கற பிள்ளைங்க பேர அதுல எழுத விடல. எங்களுக்கு உள்ளூர்னா சித்தப்பாதான், கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்க வீட்டுக்கு அடுத்த தெரு. அப்பா போனதுக்கப்புறம் அம்மாவுக்கு மாத்திரை வாங்கிக் குடுக்கறது, கரண்ட் பில் கட்டறதுன்னு செஞ்சவர், அதனால கேட்டா போட்டுடுவார்னு நினைச்சோம்.

கண்ணாடிய எடுத்து மாட்டி ஃபார்ம ஒரு வரி விடாம படிச்சார். நாலா மடிச்சு தலகாணிக்கு அடியில வச்சுட்டார். "ஏங்கண்ணு, எங்க அண்ணிய ஹோம்ல கொண்டு போய் தள்ளறதுக்கு என்னையே கையெழுத்து போடச் சொல்றியே, ஊர்ல நாலு பேர் என்ன பேசுவாங்க?" அன்னிக்கு அதோட விட்டார். அடுத்த தடவ போனப்ப சித்தி காபி குடுத்துட்டு உள்ள போயிட்டாங்க, அவர் மெதுவா ஆரம்பிச்சார், அண்ணி அங்க போயிட்டா வீடு சும்மாதானே கிடக்கும், நீயும் வரப்போறதில்ல, தம்பி பேருக்கு எழுதிக் குடுத்துட்டீங்கன்னா நான் பொறுப்பா கையெழுத்து போட்டுக்கறேன்னு. அவரு பையனச் சொல்றார். தானப் பத்திரம், அம்மாவும் நானும் ரிஜிஸ்டர் ஆபீஸ் போய் எழுதணுமாம், டாக்குமென்ட் ரைட்டர்கிட்ட பேசியே வச்சுட்டாராம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. அது அப்பா சம்பாத்தியத்துல கட்டுன வீடு, பட்டா அவர் பேர்ல, வாரிசு சான்றுல அம்மா பேரும் என் பேரும் மட்டும்தான். ஆனா அவர் கடைசியா ஒண்ணு சொன்னார், "நீ போன் பண்ணி கேப்ப, நான் நேர்ல போய் பாப்பேன், அதுக்கு என்ன கணக்கு?" இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. இன்னிக்கு வரைக்கும் இல்ல. அவர் செஞ்சதுக்கு கடன் இருக்குன்னுதான் நானும் நினைக்கறேன், ஆனா அந்தக் கடன அம்மா தலைக்கு மேல இருக்கற கூரைய வச்சு தீக்க முடியாது, அங்க போய் பிடிக்கலன்னா அம்மா திரும்பி வர ஒரு வீடு வேணும்.

இந்த மாதிரி பேச்சு உங்க வீட்லயும் வரும். வந்தா லீவு முடியுற அவசரத்துல எதுலயும் கையெழுத்து போடாதீங்க. நிஜமாவே சொந்தக்காரருக்கு ஏதாவது எழுதி வைக்கணும்னு அம்மாவே விரும்புனா, பாத்துக்கணும்ங்கற நிபந்தனைய பத்திரத்துலயே தெளிவா எழுதச் சொல்லுங்க. 2007-ல வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்துல 23-வது பிரிவு இதுக்காகவே இருக்கு, அப்படி எழுதி வாங்கிட்டு பாக்காம விட்டா ஆர்டிஓகிட்ட (வருவாய் கோட்டாட்சியர்) மனு குடுத்து பத்திரத்த ரத்து பண்ண கேக்கலாம். வாய்ப்பேச்சா விட்டுட்டு பின்னாடி நிரூபிக்கறது ரொம்ப கஷ்டம். திரும்பிப் போய் அங்கிருந்து பவர் (உங்களுக்குப் பதிலா இன்னொருத்தர் கையெழுத்து போட குடுக்கற அதிகாரப் பத்திரம்) அனுப்பறதா இருந்தா இந்தியத் தூதரகத்துல சான்று வாங்கி அனுப்புங்க, அது இந்தியா வந்து சேந்து 3 மாசத்துக்குள்ள இங்க முத்திரைக் கட்டணம் கட்டிடணும், பல பேர் இதுல கோட்ட விடறாங்க.

எங்களுக்கு கடைசில அம்மாகூட ஸ்கூல்ல வேல பாத்து ரிட்டயர் ஆன ஒரு டீச்சர் உள்ளூர் பொறுப்பாளரா கையெழுத்து போட்டாங்க, கோயம்புத்தூர்லயே இருக்காங்க. அம்மாவேதான் போன் பண்ணி கேட்டாங்க. சொந்தம்தான் போடணும்னு எல்லா இடத்துலயும் இல்ல, நண்பர் போட்டாலும் ஏத்துக்கறாங்க, முதல்லயே விசாரிங்க.

சரி, இடம் நல்லதா கெட்டதான்னு எப்படி பாக்கறது. கிளப் ஹவுஸ், கோயில், வாக்கிங் டிராக் எல்லாம் அவங்களே காட்டுவாங்க. நீங்க நேரா பாத்ரூமுக்கு போங்க. அவசர மணிக்கு ஒரு கயிறு தொங்கும், கீழ விழுந்து கிடக்கறவங்க கைக்கு எட்டணும்னு தரை வரைக்கும் விட்டிருப்பாங்க. நாங்க பாத்த ஒரு இடத்துல தரை துடைக்க இடைஞ்சலா இருக்குன்னு கயித்த சுருட்டி டவல் கம்பில கட்டி வச்சிருந்தாங்க. அந்த இடத்த அப்பவே விட்டுட்டோம். இருக்கற கயித்த இழுத்துப் பாருங்க, எத்தன நிமிஷத்துல ஆள் வருதுன்னு வாட்ச பாருங்க.

அப்புறம் பேப்பர். சில இடத்துல வீட்ட விலைக்குத் தருவாங்க, சில இடத்துல டெபாசிட் வாங்கிட்டு லீஸ், சில இடத்துல வெறும் மாச வாடகை. விலைக்கு வாங்குனா வீடு உங்க பேர்ல இருக்கும், ஆனா 55 வயசுக்கு மேல உள்ளவங்கதான் குடியிருக்கலாம்னு பொதுவா விதி வச்சிருப்பாங்க, அதனால அம்மாவுக்கப்புறம் நீங்களே போய் தங்க முடியாம போகலாம், விக்கறதுக்கும் ஆள் குறைவு. புது பில்டிங்னா ரெரா (பில்டர்கள ஒழுங்குபடுத்தற ரியல் எஸ்டேட் சட்டம்) பதிவு எண் கேளுங்க, கட்டுமானக் குறைக்கு 5 வருஷம் பில்டர்தான் பொறுப்பு. ஆனா சமைக்கறது, நர்ஸ், ஆம்புலன்ஸ் எல்லாம் வேற கம்பெனி பாக்கலாம், அவங்க விட்டுட்டுப் போயிட்டா? மத்திய அரசு 2019-ல இந்த மாதிரி வீடுகளுக்குன்னு கொண்டு வந்த முன்மாதிரி வழிகாட்டில வாங்கறவர், பில்டர், சேவை நடத்தறவர் மூணு பேரும் சேந்து ஒப்பந்தம் போடச் சொல்லிருக்கு. அப்படி ஒண்ணு இருக்கான்னு கேளுங்க. மாசக் கட்டணம் வருஷத்துக்கு எவ்வளவு ஏத்துவாங்க, அதுக்கு மேல ஜிஎஸ்டி தனியான்னு எழுத்துல வாங்குங்க, வாய்ல சொல்றது எதுக்கும் ஆகாது.

எல்லாத்துக்கும் மேல ஒரு கேள்வி இருக்கு, அதுல இருந்து மார்க்கெட்டிங் ஆளுங்க நழுவப் பாப்பாங்க, நீங்க விடாதீங்க. அம்மா படுத்த படுக்கையானா என்ன? மறதி நோய் வந்தா என்ன? நல்லா நடமாடறவங்களுக்குன்னு கட்டுன இடம்தான் நிறைய. முடியாம போனா சொந்த செலவுல ஆள் வச்சுக்கணும், இல்லன்னா வேற இடத்துக்கு மாத்தணும். இத அம்மா பக்கத்துல உக்காந்திருக்கும்போது கேக்க வாய் வராது. ஆனாலும் கேளுங்க, எங்க அம்மா அதக் கேட்டு ஒண்ணும் உடைஞ்சு போகல, "இதத்தான் நானும் கேக்கணும்னு இருந்தேன்"னாங்க.

நல்லதும் சொல்லணும். கோபில தனியா இருந்தப்ப ஒருத்திக்கு என்ன சமையல்னு ராத்திரி ரெண்டு பிஸ்கட்டோட படுத்துடுவாங்க, இப்ப டைனிங் ஹால்ல நாலு பேரோட உக்காந்து சாப்பிடறாங்க. வேலைக்காரம்மா வரல, மோட்டார் ஓடலங்கற கவல இல்ல. நவம்பர்ல பென்ஷனுக்கு லைஃப் சர்டிபிகேட் குடுக்க பேங்க் படியேற வேண்டாம், அங்கயே செல்லுல முகத்தக் காட்டி முடிச்சுக் குடுத்துடறாங்க. குறைன்னா, சுத்திலும் வயசானவங்களேதான், சின்னப் பிள்ளைங்க சத்தம் கேக்கறதில்ல, நேத்து பேசுனவங்க இன்னிக்கு இல்லங்கற சேதி அடிக்கடி வரும். அம்மா அத போன்ல சொல்றப்பல்லாம் எனக்கு உடனே டிக்கெட் போடணும் போல இருக்கும்.

முடிவு பண்றதுக்கு முன்னாடி அம்மாவ அங்க சில வாரம் டிரையலா தங்க வைங்க, நிறைய இடத்துல கெஸ்ட் ரூம் தர்றாங்க. நாம எல்லாரும் டிசம்பர்லதான் போறோம், அப்ப எல்லா இடமும் பளிச்சுன்னு இருக்கும். டிரையல பொங்கல், தீபாவளி நாள் சேர்ற மாதிரி வைங்க. கிச்சன் ஆளுங்களும் அட்டெண்டர்களும் ஊருக்குப் போயிருக்கற அந்த நாலு நாள்ல ராத்திரி டூட்டில யார் இருக்காங்கன்னு அம்மாகிட்டயே கேளுங்க.