டிரையர் ஆடி ஆடி நிற்கிறதா?
செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் டிரையர் தடதடவென்று ஆடி, வேகம் எடுக்காமல் திணறினால், துணிகளை வெளியே எடுத்து, தொட்டியைச் சுற்றிலும் சமமாகப் பரப்பி அமுக்கி, மேலே டிரையரோடு வரும் பிளாஸ்டிக் தட்டை வைத்துவிட்டுத் திரும்ப ஓட விடுங்கள். ஈரத்துணி ஒரு பக்கமாகக் குவிந்தால் எடை சாய்ந்து, சுற்றும் தொட்டி மெஷினின் உள்சுவரில் இடிக்கும். வேகமும் வராது, தண்ணீரும் சரியாக வடியாது. ஜீன்ஸ் ஒன்றை மட்டும் தனியாகப் போட்டால் பெரும்பாலும் இந்தத் தொல்லைதான். கூட இரண்டு ஈரத் துண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். தட்டு வைக்கச் சோம்பல்படாதீர்கள், மேல்துணி எழும்பாமல் பிடிப்பதே அதுதான்.

காலித் தொட்டியே சுற்றவில்லை என்றால் இது உதவாது. மோட்டார் உறுமியும் சுற்றாவிட்டால் கெப்பாசிட்டரோ (மோட்டாரைக் கிளப்பிவிடும் பாகம்) பிரேக்கோ பழுதாகியிருக்கலாம், தொட்டிக்கு அடியில் கைக்குட்டை சிக்கியிருக்கவும் வாய்ப்புண்டு. சத்தமே வராவிட்டால் மூடி சுவிட்ச் அல்லது டைமர். எதுவானாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டே கையை உள்ளே விடுங்கள்.