ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொட்டை மாடி அறை, வாடகை வரிசை வீடு, வண்டி நிறுத்தும் கொட்டகை, கோழிப் பண்ணை என்று தமிழ்நாட்டில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இல்லாத தெரு அரிது. இந்த ஷீட்டில் பெரும்பகுதி சிமெண்ட்தான். அதை இழுத்துப் பிடிக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. சிமெண்டுக்குள் கட்டுண்டு கிடக்கும்வரை அந்த நாரால் பெரிய ஆபத்தில்லை. உடைக்கும்போதும் அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் அது கண்ணுக்குத் தெரியாத இழைகளாகக் காற்றில் பறக்கிறது. அதைச் சுவாசிப்பதால் வரும் நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் போன்றவை பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். அதனால் “இத்தனை வருஷமா உடைக்கிறோம், ஒண்ணும் ஆகல” என்று சொல்பவரின் அனுபவம் இங்கே சான்றாகாது.

முதல் தவறு, நல்ல ஷீட்டைப் பயந்துபோய் அவசரமாகப் பிரிப்பது. விரிசல் இல்லை, ஓரம் உதிரவில்லை, அடிப்பக்கம் பஞ்சு போல இழை பிரியவில்லை என்றால் அதைத் தொடாமல் விடுவதே பாதுகாப்பு. ஃபேன் கொக்கிக்கோ புகைபோக்கிக்கோ அதில் துளை போடாதீர்கள். பழைய ஷீட்டின் மேலேயே புது தகர ஷீட்டை வைத்து ஸ்க்ரூ முடுக்குவதும் துளை போடுவதுதான். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் கொஞ்சம் தூள் கீழே இருக்கும் படுக்கையில் இறங்கும்.

வெயிலுக்காக வெள்ளைப் பூச்சு அடிப்பவர்கள் அதற்குமுன் பாசியைக் கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டுகிறார்கள், அல்லது பிரஷர் வாஷரால் பீய்ச்சுகிறார்கள். இரண்டுமே சிமெண்டின் மேல்தோலை உரித்து நாரை வெளியே விடும். பிரஷர் வாஷர் அந்தச் சேற்றைப் பக்கத்து வீட்டுச் சுவர் வரை தெறிக்க வைக்கும். சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் ஈரத்தோடு துடைத்தாலே போதும்.

உடனடியாக உயிரைப் பறிக்கும் தவறு வேறு: ஷீட்டின் மேல் ஏறி நடப்பது. தடிமன் 6 மில்லிமீட்டர்தான். உடையப் போகிறது என்று எந்த அறிகுறியும் காட்டாது, சட்டென்று ஆளோடு கீழே போகும். போல்ட் வரிசை மேல் மிதித்தால் தாங்கும் என்று பலர் நம்புகிறார்கள். பல வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்த ஷீட்டில் அந்த நம்பிக்கை செல்லாது. நனைத்த ஷீட்டில் வழுக்கவும் செய்யும். கீழே சாரம் கட்டி உள்பக்கமிருந்து வேலை செய்யுங்கள்.

பிரிப்பதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்து, கூரையை ஒட்டிப் போகும் வயரை விலக்குங்கள். துணிமணி, அரிசி, பாய் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டுத் தரையில் தடித்த பாலித்தீன் விரிக்க வேண்டும். காய்ந்த ஷீட்டில் கை வைக்கவே கூடாது. 10 லிட்டர் தண்ணீரில் இரண்டு மூன்று ஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மருந்து எதுவும் ஊற்றாத புதிய கை ஸ்பிரேயரில் மெல்லத் தெளியுங்கள். வெறும் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். சோப்பு கலந்தால்தான் ஊறும். மேலே மட்டும் நனைத்துவிட்டு அடிப்பக்கத்தை மறப்பது வழக்கமான பிழை. வேலை முடியும்வரை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஷீட் உடைவது பெரும்பாலும் அதை உத்தரத்தோடு பிடிக்கும் கொக்கிக் கம்பியான ஜே போல்ட்டில்தான். நட்டு துருப்பிடித்து இறுகியிருக்கும். அதோடு மல்லுக்கட்டப் பொறுமையில்லாமல் சுற்றியுள்ள ஷீட்டைச் சுத்தியலால் தட்டி உடைத்துவிடுவார்கள். கிரைண்டரும் வேண்டாம், பிளேடு ஷீட்டில் பட்டால் தூள் கிளம்பும். கம்பியை உத்தரத்துக்குக் கீழே, கொக்கி வளையும் இடத்தில் போல்ட் கட்டராலோ ஹேக்சா பிளேடாலோ வெட்டுங்கள். முதலில் முகட்டு ஓடு, பிறகு மேலே ஏறிப் படிந்திருக்கும் ஷீட், கடைசியாக அதற்கு அடியில் இருப்பது. வரிசை மாறினால் மடிப்பு முறியும். மூன்று மீட்டர் ஷீட் 40 கிலோவுக்கு மேல் கனக்கும். சாரத்தில் இரண்டு பேர், தரையில் இரண்டு பேர் நின்று முழுசாகக் கைமாற்றி இறக்க வேண்டும். தூக்கிப் போடவோ சறுக்கிவிடவோ கூடாது.

கைக்குட்டை, துணி மாஸ்க், சர்ஜிகல் மாஸ்க் எதுவும் இந்த இழையைத் தடுக்காது. நுண்ணிய தூசியையும் வடிகட்டும் எஃப்எஃப்பி3 (FFP3) மாஸ்க்கோ, பி100 (P100) ஃபில்டர் மாட்டிய ரப்பர் மாஸ்க்கோ தேவை. தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகுந்துவிடும். புகைபிடிப்பவர்களுக்கு இந்தத் தூசியால் வரும் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு என்பதால், கூலிக்கு வருபவரிடம் இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். மாஸ்க் வாங்கித் தருவது வீட்டுக்காரர் பொறுப்பு.

வேலை முடிந்ததும் துடைப்பம் எடுக்காதீர்கள், ஃபேன் போடாதீர்கள், வீட்டு வாக்யூம் கிளீனரை இழுக்காதீர்கள். வீட்டு வாக்யூம் பிடிக்கும் நுண்ணிழை பின்பக்கமாகத் திரும்ப அறைக்குள் வந்துவிடும். சுவர் மேல்விளிம்பு, உத்தரம், தரை எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் கழிவோடு கட்டுங்கள். வேலை செய்த உடுப்பை உதறாமல், பிள்ளைகள் துணியோடு சேர்க்காமல் பையில் போட்டுவிட வேண்டும்.

கழற்றிய ஷீட்டை ஆட்டுக் கொட்டகைக்குக் கொடுப்பது, தொட்டிக்கு மூடியாக அறுப்பது, நொறுக்கி அஸ்திவாரக் குழியில் கொட்டுவது ஆகியவைதான் இன்றும் ஊர் வழக்கம். மூன்றிலும் ஆபத்து இடம் மாறுகிறதே தவிர ஒழிவதில்லை. ஷீட்டை முழுசாக, ஈரத்தோடு இரண்டு சுற்று பாலித்தீனில் சுற்றி டேப் ஒட்டி, உள்ளே இருப்பது என்ன என்று மேலே தமிழில் எழுதுங்கள். பிறகு மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில், அபாயக் கழிவாக எங்கே அனுப்புவது என்று கேளுங்கள். கும்மிடிப்பூண்டியில் அப்படிப்பட்ட கழிவுக்கான நிலப்புதைப்பு மையம் இருக்கிறது. அனுப்பும்வரை பிள்ளைகள் ஏறாத, வண்டி மோதாத மூலையில் படுக்க வைத்திருங்கள்.